தீச்சட்டிக்குப் பயந்து தின்ற டாக்கோ

என்ன வந்தாலும் சரி, தீச்சட்டி மட்டும் எடுப்பதில்லை என்று கோட்டைச்சாமி அன்று காலையில் முடிவு செய்தான். பல் விளக்கிக்கொண்டே எடுத்த முடிவு. வாய் கொப்பளித்த பிறகும் மாறாமல் இருந்தது. அவன் எடுத்த முடிவுகளில் அவ்வளவு நேரம் நின்றது அது ஒன்றுதான்.

தீச்சட்டியை நேர்ந்தது அவன் இல்லை, அவன் மனைவி சங்கிலியம்மாள். சண்டைக்குப் போன புருசன் பர்மா எல்லையில் எங்கேயோ காட்டுக்குள் அமெரிக்காக்காரனோடு சேர்ந்து ரோடு போட்டுக்கொண்டிருந்தான். மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. அவள் நேராகப் போய் மாரியம்மன் வாசலில் விழுந்தாள். "ஆத்தா, அவுகளை முழுசாக் கொண்டாந்து சேத்துரு. ஒனக்குத் தீச்சட்டி எடுக்கச் சொல்றேன்" என்று நேர்ந்துவிட்டாள். தானே எடுப்பதாக நேர்ந்திருக்கலாம். ஆத்தா வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்? ஆனால் பொட்டிப்புரத்து முறை வேறு. யார் உயிர் பிழைத்தானோ அவன்தான் சட்டி எடுக்கவேண்டும்.

கோட்டைச்சாமி முழுசாக வந்து சேர்ந்தான். கொஞ்சம் கூடுதலாகவே வந்து சேர்ந்தான். அமெரிக்கன் கேம்பில் தின்ற தீனி அப்படி. வந்த நாள் முதலாக டீக்கடையில் அவன் கதைதான். ஜப்பான்காரன் மேலே இருந்து குண்டு போட, இவன் கீழே நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்தானாம். உண்மையில் குண்டு விழுந்த அன்று அவன் சமையல் கூடாரத்தில் இரண்டு மாவு மூட்டைகளுக்கு நடுவில் மூன்றாவது மூட்டையாகக் கிடந்தான்.

அதைவிடப் பெரிய உண்மை ஒன்று உண்டு. அது சங்கிலியம்மாளுக்கு மட்டும் தெரியும். கோட்டைச்சாமிக்கு நெருப்பு என்றால் பயம். அடுப்பில் இருந்து ஒரு பொறி தெறித்தால் வீட்டில் முதலில் வாசலுக்கு வருகிறவன் அவன்தான். அப்படிப்பட்டவன் கங்கு நிறைந்த மண்சட்டியை வெறுங்கையில் வேப்பிலையோடு ஏந்திக்கொண்டு ஊரைச் சுற்றி வரவேண்டும். ஊரே பார்க்கும். டீக்கடைக் கூட்டம் முன்வரிசையில் நிற்கும். பாதி வழியில் சட்டியைப் போட்டுவிட்டு ஓடினால் கதை கந்தல். கை வெந்தால் மருந்து போடலாம். மானம் வெந்தால் எந்த வைத்தியனிடம் போவது?

இன்று சாயங்காலம் காப்புக் கட்டு. மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டிவிட்டால் பிறகு தப்ப முடியாது. ஆகவே கயிறு கட்டுவதற்கு முன்பே தீட்டுப்பட்டுவிட வேண்டும். அதிலும் கணக்கு இருக்கிறது. கோழிக்கறி, ஆட்டுக்கறி தின்றால் பூசாரி அவன் தலையில் இரண்டு குடம் மஞ்சள் தண்ணீரை ஊற்றிக் காப்பைக் கட்டிவிடுவார். பன்றிக்கறி தின்றவன் மட்டும் ஒரு மண்டலம் கோயில் வாசலை மிதிக்கக்கூடாது. அதற்குள் திருவிழா முடிந்து, பந்தல் பிரித்து, ஊர் உழவுக்குப் போயிருக்கும்.

ஆனால் பன்றிக்கறிக் குழம்பு என்றால் வெகுநேரம் வேகவேண்டும். வாசம் தெரு முழுக்கப் போகும். அப்போதுதான் அவனுக்குப் பெட்ரோவின் ஞாபகம் வந்தது. பெட்ரோ கேம்பின் சமையல்காரன், மெக்சிக்கோ வம்சம். மக்காச்சோள ரொட்டியைச் சின்னதாகத் தட்டிச் சுட்டு, வெந்த பன்றிக்கறியை நார் நாராகப் பிய்த்து மிளகாயில் புரட்டி உள்ளே வைத்து, வெங்காயமும் கொத்தமல்லியும் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து மடித்துக் கொடுப்பான். ஒரு பீடி குடிக்கிற நேரத்தில் ஆள் சாப்பிட்டு முடித்திருப்பான். டாக்கோ என்று பெயர். ருசிக்கு ருசியும் ஆச்சு, தீட்டுக்குத் தீட்டும் ஆச்சு. கோட்டைச்சாமி தன் மூளையை நினைத்துத் தானே கொஞ்சம் பயந்தான்.

பக்கத்து வீட்டு ஒச்சாண்டியைக் கூப்பிட்டான். அவன் சின்னப் பங்காளி. சொன்னதைக் கேட்கிற பிள்ளை. அப்படித்தான் கோட்டைச்சாமி நினைத்திருந்தான்.

"ஏலே, சைக்கிள எடுத்துக்கிட்டு ராயப்பன்பட்டிக்குப் போயிட்டு வா."

"எதுக்குண்ணே?"

"அங்கன மிக்கேல்னு எங்கூட பர்மா சண்டைக்கு வந்த ஆளு இருக்கான். ஈஸ்டர் முடிஞ்சு ரெண்டு நாளுதான் ஆச்சு. அவன் வீட்டுல பன்னிக்கறி கெடக்கும். நாங் கேட்டேன்னு சொல்லி ஒரு தூக்குச்சட்டி வாங்கிட்டு வா. வேக வச்சு, எலும்பெடுத்து, தோலெடுத்து, நார் நாராப் பிச்சுத் தரச் சொல்லு."

"நார் நாராவா? கறின்னா துண்டாக் கடிச்சாத்தானண்ணே கறி?"

"ஒனக்கென்னடா தெரியும்? டாக்கோவுக்கு அப்படித்தான்."

"டாக்காவா? அது வங்காளத்துல ஒரு ஊருல்ல?"

"டாக்கோடா! கோ! ஊரத் திங்க முடியுமாடா?"

ஒச்சாண்டி தலையைச் சொறிந்தான். "அண்ணே, இன்னைக்குக் காப்புக் கட்டாச்சே. நீங்க பன்னியத் தின்னா..."

"தின்னா?"

"கோயிலுக்குள்ள விடமாட்டாகளே."

"அதுக்குத்தானடா திங்கிறேன், மடப்பயலே!"

ஒச்சாண்டிக்கு முகம் செத்துப்போனது. ஏன் செத்தது என்று கோட்டைச்சாமி யோசிக்கவில்லை. பெரிய திட்டம் போடுகிறவர்கள் மற்றவன் முகத்தை எங்கே பார்க்கிறார்கள்?

டீக்கடைக்குப் போய்விட்டு வந்தான். அடுத்தது சங்கிலியம்மாள். அவள் முற்றத்தில் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தாள். கோட்டைச்சாமி இரண்டு முறை கனைத்தான்.

"என்ன, தொண்டையில முள்ளா?" என்றாள் நிமிராமல்.

"இல்ல புள்ள. மதியத்துக்கு எனக்குச் சோறு வேணாம். நானே ஒரு பலகாரம் செய்யலாம்னு பாக்கேன். மெக்சிக்கோ ரொட்டி."

"நீங்களா? அடுப்புப் பக்கத்துலயா?"

"சண்டையில பாக்காத அடுப்பா?"

"அதச் சொல்லுங்க. ரொட்டிக்குள்ள என்ன வப்பீக?"

"வெங்காயம்."

"வெறும் வெங்காயமா?"

"கொத்தமல்லியும் வப்பேன்."

சங்கிலியம்மாள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் ஜப்பான்காரனின் விமானம் எவ்வளவோ மேல். அவன் கண் தானாகக் கூரையை நோக்கிப் போனது.

"சரி, செய்ங்க. தோசைக்கல்லத் தரமாட்டேன். அம்மியத் தரமாட்டேன். வீட்டுச் சட்டி ஒண்ணையும் தொடக்கூடாது, எல்லாம் விரதத்துக்குக் கழுவி வச்சிருக்கேன். கொல்லையில கல்லக் கூட்டிச் செஞ்சுக்கங்க."

"கோயிலுக்கு எப்பப் போவ?"

"உச்சிப்பொழுதுக்கு மேல போயிருவேன், ஆத்தாளுக்குத் தண்ணி ஊத்தணும். நீங்க பொழுதுசாயத் தலைக்கு ஊத்திக்கிட்டு வந்து சேருங்க."

சண்டை இல்லை, சத்தம் இல்லை. கலியாணமான நாளிலிருந்து இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சரி என்று சொன்னதில்லை. கோட்டைச்சாமிக்கு அங்கேயே சந்தேகம் வந்திருக்கவேண்டும். வரவில்லை, சந்தோசம்தான் வந்தது.

உச்சி சாய்ந்ததும் கொல்லையில் வேலை ஆரம்பமானது. ரேஷனில் அரிசிக்குப் பதிலாகப் போட்ட மக்காச்சோளத்தை ஊரில் எல்லோரும் மாட்டுக்கு வைத்தார்கள். கோட்டைச்சாமி அதைத் திரித்து வைத்திருந்தான். தோசைக்கல் இல்லாததால் மம்பட்டியின் காம்பைக் கழற்றி, தகட்டை மணல் போட்டுத் தேய்த்து மூன்று கல்லின் மேல் வைத்தான். நெருப்பைப் பற்றவைக்கும் வேலையை மட்டும் ஒச்சாண்டி வரட்டும் என்று ஒத்திவைத்தான்.

ஒச்சாண்டி தூக்குச்சட்டியோடு வந்தான். வியர்வையே இல்லை.

"இம்புட்டு தூரம் போயும் அலுப்பே இல்லையாடா?"

"எதிர்காத்து இல்லண்ணே."

"மிக்கேல் என்ன சொன்னான்?"

"நல்லா இருக்காகண்ணே. ஒங்களக் கேட்டாக."

மூடியைத் திறந்ததும் மிளகாயும் பூண்டும் எண்ணெயும் கலந்த வாசம் குப்பென்று வந்தது. உள்ளே செக்கச் சிவந்து நார் நாராகக் கறி. கோட்டைச்சாமி ஒரு விரலால் எடுத்து வாயில் போட்டான். கண்ணை மூடினான்.

"அடேயப்பா! ஏலே, கொழுப்பப் பாத்தியா? நாக்குல வச்ச ஒடனே உருகுது!"

ஒச்சாண்டி முருங்கை மரத்தைப் பார்த்தான்.

"பன்னின்னா இதுதாண்டா பன்னி. ஆட்டுக்கு இந்த ருசி வருமா?"

"வராதுண்ணே."

"கோழிக்கு?"

"எந்தப் பிராணிக்கும் வராதுண்ணே."

"இந்தா, நீயும் ஒரு வாய் போடு."

"வேணாம்ண்ணே. நான் விரதம்."

"நீ எதுக்குடா விரதம்? நீயா சட்டி எடுக்கப்போற?"

"சும்மா, ஒரு இதுக்குண்ணே" என்றான் ஒச்சாண்டி. அவன் குரல் கிணற்றுக்குள் இருந்து வந்தது.

மாவு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. கையில் தட்டினால் விண்டது. கட்டையை உருட்டினால் கட்டையோடு வந்தது. பெட்ரோ இரண்டு பலகைக்கு நடுவில் வைத்து நசுக்குவான் என்பது ஞாபகம் வந்தது. கோட்டைச்சாமி வாழையிலைக்கு நடுவில் உருண்டையை வைத்து, மேலே மாட்டுக்கொட்டத்துப் பலகையைப் போட்டு, அதன்மேல் தானே ஏறி உட்கார்ந்தான். அமெரிக்கன் தீனி வீண்போகவில்லை. ரொட்டி வட்டமாக விழுந்தது. ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒருமுறை உட்கார்ந்து ஒருமுறை எழுந்தான். ஒச்சாண்டி சுட்டான். ரொட்டியைத் திருப்புவதற்குக் கோட்டைச்சாமி ஒரு நீளமான மூங்கில் குச்சியை எடுத்துக்கொண்டு தொழுவத்தை ஒட்டி எட்ட நின்று உத்தரவு போட்டான்.

"அண்ணே, பக்கத்துல வந்து திருப்புங்க."

"டேய், அடுப்புக்கும் ஆளுக்கும் எடம் விடணும். மிலிட்டரி சட்டம்."

ஆயிற்று. கறியை ஒச்சாண்டி மம்பட்டியில் புரட்டிக் கொடுக்க, கோட்டைச்சாமி ரொட்டியில் வைத்து, வெங்காயம் தூவி, எலுமிச்சம்பழம் பிழிந்து மடித்தான். ஒன்று தின்றான். இன்னொன்று தின்றான். மூன்றாவதைத் தின்னும்போது தீட்டு தலை முதல் கால் வரை ஏறுவது தெரிந்தது. இவ்வளவு ருசியான தீட்டு உலகத்தில் வேறு எங்கே கிடைக்கும்?

"ஒச்சாண்டி, இனி ஆத்தாளே வந்து கூப்பிட்டாலும் நான் கோயிலுக்குள்ள போக முடியாதுடா."

"அப்படியாண்ணே?"

"அப்படித்தான். ஒரு டாக்கோவக் கையில எடுத்துக்கிட்டு வாசல்ல நின்னு சொல்லப்போறேன். சாட்சியும் வேணும்ல."

பொழுது சாய்ந்தது. கோயில் முன்னால் கொட்டு முழங்கியது. சட்டி எடுப்பவர்கள் ஈரவேட்டியோடு வரிசையாக நின்றார்கள். பூசாரி ராக்கப்பன் மஞ்சள் கயிற்றுக் கட்டோடு கோட்டைச்சாமியின் பெயரை அழைத்தார். கோட்டைச்சாமி வாசலில் கிழித்திருந்த கோட்டுக்கு வெளியிலேயே நின்றான். முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டான். வழியெல்லாம் பழகிக்கொண்டு வந்த முகம்.

"பூசாரியண்ணே, என்னைய மன்னிச்சுருங்க. நான் உள்ள வரக்கூடாது."

கொட்டு நின்றது. "ஏம்ப்பா? கையில என்ன அது?" என்றார் பூசாரி.

"டாக்கோ."

"அது என்ன?"

"மெக்சிக்கோ பலகாரம். காப்பு நாளைக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டேன்! தெரியாத்தனமாத் தின்னுபுட்டேன். உள்ள பன்னிக்கறி."

கூட்டம் மொத்தமாக ஒரு அடி பின்னால் போனது. டீக்கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். பூசாரி கயிற்றுக் கட்டைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார், அதற்குத் தீட்டு எட்டிவிடக்கூடாது என்று.

"நெசமாவா?"

"ஆத்தா மேல சத்தியமா நெசம். மூணு தின்னேன். பர்மாவுல குண்டுக்கு நடுவுல நின்னப்பக்கூட ஒரு சட்டி என்ன, ஒம்பது சட்டி எடுக்கணும்னுதான் நெனச்சேன். குடுத்து வைக்கல. ஒரு மண்டலம் நான் இந்த வாசல மிதிக்கக்கூடாதே! என் நெஞ்சு எப்படிக் கெடந்து வேகுதுன்னு எனக்குத்தான் தெரியும்."

சொல்லும்போது அவனுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு நன்றாகச் சொன்னான்.

பூசாரி பெருமூச்சு விட்டார். "சரி. நேந்த கடன் நிக்கக்கூடாது. தீட்டுப்பட்டவனுக்குப் பதிலாப் பங்காளி எடுக்குறதுதான் முறை. சின்னப் பங்காளி யாரு? ஒச்சாண்டியா? வாப்பா, கைய நீட்டு."

கோட்டைச்சாமிக்கு அந்த முறை ஞாபகமே இல்லை. ஒச்சாண்டிக்குக் காலையில் இருந்து வேறு எதுவுமே ஞாபகம் இல்லை.

"மதினீ!" என்று அலறினான் ஒச்சாண்டி. "மதினி, இங்கன வாங்க! சொல்லுங்க மதினி!"

கூட்டம் விலகியது. சங்கிலியம்மாள் வந்தாள். தண்ணீர் ஊற்றி நனைந்த மஞ்சள் சேலை, கையில் வேப்பிலை. புருசன் முன்னால் வந்து நின்றாள். அவன் கையில் இருந்த டாக்கோவை வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு, நோன்பு ஆரம்பித்ததில் இருந்து முட்டை வாசத்தைக்கூட மோந்து பார்க்காத சங்கிலியம்மாள், ஊர் பார்க்க, ஆத்தா பார்க்க, அதில் ஒரு கடி கடித்தாள்.

"ஐயையோ!" என்றது கூட்டம்.

அவள் நிதானமாக மென்றாள். விழுங்கினாள்.

"உப்பு பத்தல" என்றாள்.

கோட்டைச்சாமி பதறிப்போனான். "ஏ புள்ள... அது... அது பன்னி..."

"பலாக்காய். பிஞ்சுப் பலா. மலையாளத்தாரு இடிச்சக்கன்னு சொல்லுவாக. காலையில கொழுந்தனாரு வீட்டு அடுப்புல நாந்தான் வேக வச்சுப் பிச்சு, தேங்காயெண்ணெயில புரட்டி அவருகிட்டக் குடுத்தனுப்புனேன்."

"பொய்யி! அந்தக் கொழுப்பு? அந்த ருசி? எனக்குப் பன்னி தெரியாதா?"

"நல்லாத் தெரிஞ்சுச்சே."

டீக்கடைக்காரர் முதலில் சிரித்தார். பிறகு வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கொட்டுக்காரன் சிரிப்பை அடக்க முடியாமல் கொட்டின் மேலேயே சாய்ந்தான்.

கோட்டைச்சாமி ஒச்சாண்டி பக்கம் திரும்பினான். "ஏலே, அப்ப நீ ராயப்பன்பட்டிக்கு?"

"தெருமுக்குத் தாண்டலண்ணே. நீங்க எடுக்கலைன்னா நாந்தானண்ணே எடுக்கணும்! எனக்கும் நெருப்புன்னா பயம்தாண்ணே. அங்கனயே சைக்கிளத் திருப்பி மதினிகிட்ட வந்துட்டேன்."

"நீங்க துண்டுக்கறியாக் கேட்டிருந்தா நான் திண்டாடிப் போயிருப்பேன்" என்றாள் சங்கிலியம்மாள். "தோலெடுத்து, எலும்பெடுத்து, நார் நாராப் பிச்சுன்னு நீங்களே வழியச் சொல்லி விட்டுட்டீக."

கோட்டைச்சாமி தரையைப் பார்த்தான். அப்போது சங்கிலியம்மாள் பக்கத்தில் வந்து, மற்றவர் காதில் விழாமல் சொன்னாள்:

"பயமா இருக்குன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல? ஒரு தகவலும் இல்லாம அத்தன மாசம் தாலியத் தொட்டுப் பாத்துக்கிட்டே படுத்துக் கெடந்தவ நானு. ஒங்கள வேகவிட்டுருவனா? சட்டிக்கடியில வேப்பிலைய நானே அடுக்கி வக்கிறேன். பக்கத்துலயே நடந்து வாறேன். நீங்க சட்டியப் பாக்காதீக, என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வாங்க."

கோட்டைச்சாமிக்கு இப்போது நிஜமாகவே கண் கலங்கியது. இப்படி ஒருத்தியை ஏமாற்றப் பார்த்தோமே என்று வெட்கமாக இருந்தது. வாசல் கோட்டைத் தாண்டி உள்ளே போனான். வலது கையை நீட்டினான். பூசாரி மஞ்சள் கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். ஆச்சரியம், நெஞ்சில் பாரம் இறங்கினாற்போல் இருந்தது.

"ஒத்தச் சட்டிதான புள்ள?" என்றான் வீரமாக. "கண்ண மூடிக்கிட்டு எடுத்துப்புடலாம்."

"நான் நேந்தது ஒத்தச் சட்டிதான்" என்றாள் சங்கிலியம்மாள். "ஆனா பலாவத் தின்னாலும் பன்னின்னு நெனச்சுத்தான தின்னீக? அந்தப் பாவத்துக்குத் தனியா ஒண்ணு எடுத்தாத்தான் தீரும். பூசாரியண்ணே, அவுகளுக்கு இன்னொரு கை சும்மாத்தான் இருக்கு."